ஒரு கால் மருதாணி

திரையில் சிவப்பு தெரிந்தால் நேரில் கண்ட நினைவு. நீலம் தெரிந்தால் பிறர் சொல்லிக் கேட்டது. இதை நான் எந்த நோயாளியின் மனைவியிடமும் சொல்வதில்லை, வீண் வம்பு. ஆனால் செண்பகவல்லி அம்மா என் பக்கத்திலேயே உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த விளக்கத்தைப் படித்துவிட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஸ்கேன் இயந்திரத்துக்குள் அவர் கணவர் ஆவுடையப்பன் படுத்திருந்தார். பக்கவாதம் வந்து தேறியவர். நினைவுகள் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும்.

"பொண்ணு பார்க்கப் போன அன்னைக்கு என்ன சார் நடந்துச்சு?" என்று மைக்கில் கேட்டேன்.

"அரக்குப் பட்டு கட்டியிருந்தா. தலை நிறைய கனகாம்பரம்."

திரை முழுக்க நீலம். எனக்குச் சங்கடமாகிவிட்டது.

"எல்லாம் நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்," என்றார் செண்பகவல்லி அம்மா. "அன்னைக்கு மனுஷன் தலையே நிமிரலை. என் முகத்தைப் பார்க்காமலே சரின்னுட்டார்." குரல் இறங்கியிருந்தது.

நான் விடவில்லை. "வேற என்ன பாத்தீங்க சார்?"

ஸ்பீக்கரில் அவர் குரல் மெல்ல வந்தது.

"இடது கால்ல மட்டும் மருதாணி வச்சிருந்தா. நாங்க சொன்ன நேரத்துக்கு முன்னாடியே போயிட்டோம்ல. பாவம், வலது காலை சேலைக்குள்ள ஒளிச்சுக்கிட்டே நின்னா."

திரை செக்கச்செவேலென்று ஆனது.

"இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லையே," என்ற செண்பகவல்லி அம்மா, என்னைப் பார்க்காமல், வலது காலை மெல்லச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.