இரண்டு எழுத்துக் கோணல்

"பத்து வரியை ஒரு நாளைக்கு மேல நேரா நிறுத்த முடியலையா உன்னால?"

மேனேஜர் போட்ட சத்தத்தில் ஆபீஸே நிமிர்ந்து பார்த்தது. அவர் விரல் நீட்டிய கருப்புத் திரையில், புதிதாகச் சேர்ந்தவள் எழுதிய ஸ்கிரிப்ட் என்ற சின்ன நிரல் சர்வர்களின் பட்டியலைக் காட்டிக்கொண்டிருந்தது. ஓடுகிற சர்வருக்குப் பச்சை வரி, படுத்துவிட்டதற்குச் சிவப்பு. பச்சை வரிகள் ஒழுங்காக நிற்க, சிவப்பு மட்டும் இரண்டு எழுத்து இடப்பக்கம் ஒதுங்கி நின்றது.

"நிறத்துக்கான குறியீடு கண்ணுக்குத் தெரியாது சார். ஆனா ஸ்கிரிப்ட் அதையும் எழுத்தா எண்ணிடுது. சிவப்புக்கு ரெண்டு எழுத்து ஜாஸ்தி, அதான் முன்னாடி விடுற இடத்துல ரெண்டைக் குறைச்சிடுது..."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நம்ம முதலாளி வந்து பார்த்துச் சிரிச்சிட்டுப் போறார். நேத்து என்னடான்னா சிவப்பு வரிக்குப் பக்கத்துல பெருக்கல் குறி போட்டு வைக்கிறே. எனக்கென்ன கண்ணா தெரியாது? எடுக்கச் சொன்னேன். உன்னை நிரந்தரம் பண்றதை மூணு மாசம் தள்ளி வைக்கிறேன், போ."

அவள் தலையாட்டினாள். கண் மட்டும் கலங்கியது. மூன்று மாதம் என்பது சும்மா இல்லை.

அவர் நகர்ந்ததும், பக்கத்து சீட்டு அக்கா நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"திங்கட்கிழமையே நீ அதை நேராக்கிட்டே. நான் பார்த்தேன். சாயங்காலம் நீயே திரும்பக் கோணலாக்கினே. பைத்தியமா உனக்கு?"

"மெதுவா பேசுங்கக்கா. எனக்கு மூணு மாசம்தான் தள்ளிப்போகுது. நேராவே விட்டிருந்தா சாருக்கு வேலையே போயிருக்கும்."

"அவருக்கு ஏன் போகணும்?"

அவள் பதில் சொல்வதற்குள் வாசலிலிருந்து மேனேஜரின் குரல் வந்தது.

"ஆறாவது வரி சிவப்பு, யாராவது கவனிங்க. இவ்வளவு தூரத்துல இருந்து நான்தான் சொல்ல வேண்டியிருக்கு. இதெல்லாம் கண்ணு இருக்கிறவன் செய்யுற வேலை."

சொல்லிவிட்டுப் பெருமையாக காபி மெஷின் பக்கம் போனார்.

அவள் அக்காவின் காதருகே குனிந்தாள்.

"திங்கட்கிழமை ரெண்டு சர்வர் படுத்திருந்தது. நேரா நின்ன வரிகளைக் கால் மணி நேரம் உத்து உத்துப் பார்த்துட்டு, 'எல்லாம் பச்சை, பிரமாதம்'னு என்னைத் தட்டிக் கொடுத்துட்டுப் போனார்க்கா."