ஐந்து மணி அக்கிரமம்

"அந்தக் குடிகாரனை ஆண்டவர் சும்மா விடமாட்டார்" என்றாள் மனைவி, துண்டுச் சீட்டை மறுபடி படித்தபடி.

"எந்தக் குடிகாரனை?" சர்ச்சிலிருந்து வந்த கணவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டார். வேலை போய் எட்டு மாதம். ஷூவுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வேலை.

அவர்கள் சபையில் ஒரு ஜெபப் பெட்டி உண்டு. பெயர் போடாமல் குறையை எழுதிப் போட வேண்டும். இன்னொருவர் அந்தச் சீட்டை எடுத்துப்போய் வாரம் முழுவதும் அதற்காக ஜெபிப்பார்.

இவள் எடுத்த சீட்டில் இருந்தது இதுதான்: 'தினமும் காலை ஐந்து மணிக்கு நடக்கும் அக்கிரமம் நிற்க வேண்டும். தூக்கமே இல்லை. நேரில் கேட்கப் பயமாக இருக்கிறது.'

"புருஷன் குடிச்சிட்டு வந்து அடிக்கிறான் போல. பாவம்."

"காலைல அஞ்சு மணிக்கா? எந்தக் கடை திறந்திருக்கும்?"

"உங்களுக்கு எல்லாத்துலயும் ஒரு நொட்டை." அவள் குரல் இறங்கியது. "உங்க வேலைக்கும் என் முட்டிக்கும் எட்டு மாசமா கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம். இந்த ஒண்ணுக்காவது பதில் வரட்டும். இல்லன்னா இந்த வாரத்தோட ஜெபத்தை நிறுத்திடறேன்."

கணவர் ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, நான்காவது மாடியில் அவர்களுடைய ஒற்றை அறை வீடு. சாப்பாட்டு மேஜையைச் சுவரோரம் தள்ளினால்தான் முழங்கால் போட இடம் கிடைக்கும். திங்கள் காலையும் வழக்கம்போல ஐந்து மணிக்கு அலாரம் அடித்தது. மேஜையைத் தள்ளினாள், மண்டியிட்டாள், குடிகாரன் திருந்தக் கேட்டாள். கணவர் தலையணையால் காதை மூடிக்கொண்டார்.

வியாழன் சாயங்காலம் முட்டி பந்துபோல வீங்கிவிட்டது.

"இனி மண்டி போட்டா தெரியும் சேதி" என்று ஐஸ் வைத்துவிட்டு, அலாரத்தையும் நிறுத்தினார் கணவர்.

அடுத்த மூன்று நாளும் கட்டிலில் கிடந்தபடியே உதட்டை மட்டும் அசைத்து ஜெபித்தாள். சொகுசாகப் படுத்துக்கொண்டு கேட்பவளுக்கு யார் கொடுப்பார்கள் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஞாயிறு ஆராதனையில், ஜெபத்துக்குக் கிடைத்த பதிலை எழுந்து சாட்சி சொல்லும் நேரத்தில் ஓர் இளம் நர்ஸ் எழுந்தாள். "அஞ்சு மணி அக்கிரமம் நிக்கணும்னு சீட்டு எழுதியிருந்தேன். மூணு நாளா நின்னுடுச்சு. ஜெபிச்சவங்க யாரோ, நல்லா இருக்கணும்."

ஆராதனை முடிந்ததும் நொண்டிக்கொண்டே ஓடி அவள் கையைப் பிடித்தாள் மனைவி. கண்ணீர் நிற்கவில்லை.

"நான்தாம்மா ஜெபிச்சேன். என் ஜெபத்தைக் கேட்டுட்டார்! உன் புருஷன் குடியை விட்டுட்டானா?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைக்கா" என்றாள் நர்ஸ் திகைத்துப்போய். "போன மாசம்தான் தண்ணித் தொட்டிக்கு எதிர் கட்டடத்துல குடி வந்தேன், மூணாவது மாடி. ஈவினிங் டியூட்டி முடிஞ்சு வந்து படுக்கவே நடுராத்திரி தாண்டிடும். விடியறதுக்குள்ள மேல் வீட்டுல யாரோ கரகரன்னு மேஜையை இழுக்கறாங்க."

கணவர் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறுபடி ஆரம்பிக்காம இருக்கணும்க்கா. விடாம ஜெபிப்பீங்கள்ல?"

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஜெபிக்கிறேம்மா... படுத்துக்கிட்டே."