ச-வில் தொடங்கும் ஊர்

டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளைக் கரும்பலகையில் வரைந்துவிட்டு, குவானைன் எதனோடு சேரும், எத்தனை பிணைப்பு என்று சோமசேகரம் மாஸ்ரர் கேட்டார். வழக்கமாக இந்தக் கேள்விக்குப் பாதி வகுப்பு குனிந்துகொள்ளும்.

யோசப்பின் என்ற மாணவி எழுந்து, சைற்றோசின், மூன்று ஐதரசன் பிணைப்பு என்று தடுமாறாமல் சொன்னாள். எப்படி ஞாபகம் வைத்திருக்கிறீர் என்று மாஸ்ரர் வியந்தார்.

"குருநகர், சுண்டுக்குளி, மூண்டு முடிச்சு. கு-வுக்குச் ச, சேர்."

ரியூசன் கொட்டில் முழுவதும் சிரித்தது. யோசப்பின் சுண்டுக்குளிக்காரி. குருநகரில் யார் என்று பின்வரிசை வாங்கில் இருந்த ஒருத்தி சீண்ட, அவள் முகம் சிவந்து, கிறகோரி என்றாள்.

பத்மாவதிக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சூத்திரத்தை உண்டாக்கியவளே அவள்தான். போன வருடம் கிறகோரியும் இதே வகுப்பில் படித்தான். இந்தச் சோடி மட்டும் அவன் மண்டையில் ஏறவே இல்லை. சைக்கிள் நிறுத்தும் வேலியோரம் வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். அவன் குருநகர், அவள் சண்டிலிப்பாய். குருநகர், சண்டிலிப்பாய், மூன்று முடிச்சு. சொல்லிவிட்டு வெட்கத்தில் செத்துப்போனாள். ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று அவன் அந்தோனியார் மேல் சத்தியம் செய்தான்.

பிரதி எடுக்கும்போது ஓர் இடம் மாறினாலும் பிறப்பே மாறிப்போகலாம் என்று போன கிழமைதான் மாஸ்ரர் படிப்பித்திருந்தார். கிறகோரி பெரிதாகக் கஷ்டப்படவில்லை. ச-வை அப்படியே விட்டு ஊரை மட்டும் மாற்றியிருந்தான்.

பாவி. புதிதாக ஒன்றை உண்டாக்கக்கூட அவனுக்குப் பஞ்சி, சோம்பல்.

அன்று வகுப்பு முடிந்ததும் பத்மாவதி அவனோடு போய்க் கலியாண எழுத்து எழுதி, பதிவு செய்துகொள்வதாக ஏற்பாடு. அவளுடைய சைவ வீட்டில் இதற்குச் சம்மதம் கிடைக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மாஸ்ரர் எல்லோரையும் கொப்பியில் எழுதச் சொன்னார். பத்மாவதியின் பையில் கொப்பி இல்லை. இரண்டு சட்டையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும்தான் இருந்தன.

எழுந்து நின்றாள்.

"வீட்டை ஒண்டை வைச்சிட்டு வந்திட்டன், சேர். அப்பா தோட்டத்தாலை வாறத்துக்குள்ளை எடுக்கவேணும்."

கொப்பியாக்கும் என்று நினைத்து மாஸ்ரர் தலையாட்டினார்.

அது கடிதம். அப்பாவின் வெற்றிலைத் தட்டத்துக்குள் வைத்திருந்தாள். பன்னிரண்டு மணிக்குப் புகையிலைத் தோட்டத்தால் வந்ததும் அவர் முதலில் எடுப்பது அந்தத் தட்டத்தைத்தான்.

வேலியோரம் வந்தபோது மணி பதினொன்றேகால். சண்டிலிப்பாய்க்கு ஆறு மைல். விடாமல் மிதித்தால் பிடித்துவிடலாம்.

வரிசையாக எல்லோருடைய சைக்கிளும் நின்றன. அவளுடையதைத் தவிர.

காலையில் அவள் வான் வண்டியில் வந்திறங்கியிருந்தாள். கடிதத்தின் கடைசி வரியைப் பிழையில்லாமல் எழுதவேண்டும் என்று இரண்டு தரம் வாசித்துப் பார்த்தது ஞாபகம் வந்தது.

'சைக்கிளைத் தங்கச்சிக்குக் குடுங்கோ அப்பா, எனக்கு இனித் தேவைப்படாது.'