மணி நின்ற பிறகு

தாய்க்கும் தகப்பனுக்கும் வலிப்பு உள்ள ஓர் எலிக்குட்டியைக் கண்ணாடிக் குடுவைக்குள் விட்டார் ஆய்வக உதவியாளர் சுலைமான். மணிச் சத்தம் கேட்டால் அந்த வம்சத்து எலிகள் துடித்து விழும். அவற்றின் மூளையில் ஒரு நொதி மந்தமாக வேலை செய்வதுதான் காரணமா என்று ஆராய்பவள் ஜெசிந்தா. அவளுடைய அப்பாவும் அண்ணனும் வலிப்பில் இறந்தவர்கள். அவளுக்கு இப்போது ஏழாம் மாதம்.

“அடிங்க மேடம்” என்றார் சுலைமான்.

பொத்தானை அமுக்கினாள். மணி அலறியது. குட்டி காதுகளை மடக்கிக்கொண்டு உறைந்து நின்றது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். மணி நின்றதும் அது மெல்ல உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டது.

“இதுக்கு வரல மேடம். தப்பிச்சிருச்சு.”

ஜெசிந்தாவால் சிரிக்க முடியவில்லை. இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தபோது உள்ளே குழந்தையிடம் தொடங்கிய உதறல் இன்னும் நிற்கவில்லை.