சாக்பீஸ் வண்டி

“நாற்காலிய உள்ள இழு அமலா. ஒரு கால் வெளிய இருந்தாலும் தப்பு,” என்றார் சாலமோன்.

அமலராணி எழுந்து, பிளாஸ்டிக் நாற்காலியைக் கோட்டுக்குள் இழுத்துப் போட்டு மறுபடி உட்கார்ந்தாள். இரும்புலியூர் வீட்டு மொட்டைமாடியில் சாலமோன் டேப் வைத்து அளந்து, சாக்பீஸால் ஒரு நீளக் கட்டம் வரைந்திருந்தார். இருபதடிக்கு ஏழடி. நியூசிலாந்தில் மகன் ஜெஃப்ரி வைத்திருக்கும் வண்டியின் அளவு அது. உள்ளேயே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் இருக்கிறதாம்.

வியாழக்கிழமை இருவருக்கும் விமானம். மூன்று மாதம் மகனோடு. அதில் பத்து நாள் அந்த வண்டியிலேயே ஊர் சுற்றல். ராத்திரிக்கு எங்கே நிறுத்த அனுமதி உண்டோ அங்கே தூக்கம்.

முப்பத்தாறு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர் சாலமோன். எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஒரு விதிப்புத்தகம் இருக்கும் என்று நம்புகிறவர். நெட்டில் தேடிப் பன்னிரண்டு விதிகளை ஒரு தாளில் எழுதி, ஒரு வாரமாக மனைவியை உருப்போட வைத்துக்கொண்டிருந்தார்.

“பாத்திரம் கழுவின தண்ணி?”

“கீழ ஊத்தக் கூடாது. வண்டி டேங்க்லயே சேத்து வெச்சு, அதுக்குன்னு இருக்கிற எடத்துலதான் விடணும்.”

“துணி?”

“வெளிய காயப்போடக் கூடாது.”

“பக்கத்துல இன்னொரு வண்டி நின்னா?”

“ஒட்டி நிறுத்தக் கூடாது. நம்ம பேச்சு அவங்களுக்குக் கேக்கக் கூடாது.”

“ஒரே எடத்துல எத்தன ராத்திரி?”

“ரெண்டு. மூணாவது நாள் காலைல நாம அங்க நின்ன அடையாளமே இருக்கக் கூடாது.”

சாலமோனுக்குத் திருப்தி. வேலையில் இருந்த காலத்தில் வருஷா வருஷம் ரயில்வே பாஸ் வந்தது, லீவுதான் வந்ததில்லை. ஊட்டி, ஊட்டி என்று ஜெஃப்ரி அழுது ஓய்ந்த கோடை விடுமுறைகள் எத்தனையோ. வேளாங்கண்ணியைத் தாண்டி எங்கேயும் போகாத அமலராணி, போன மாதம் திடீரென்று “ஜெஃப்ரிகிட்டப் போகணும், உடனே போகணும்” என்று பிடிவாதம் பிடித்தபோதுகூட அவர்தான் தயங்கினார். இப்போது பாடத்தில் அவரையே மிஞ்சிவிடுவாள் போலிருந்தது.

“குளிக்கறதுக்கு ஊர்ப் பொது நீச்சல்குளத்துக்குப் போயிடணும்,” என்று அவளாகவே தொடர்ந்தாள். “காலைல ஆறு மணிக்குத் தொறப்பாங்க. கூட்டம் வர்றதுக்குள்ள குளிச்சு, ஷேவ் பண்ணி, சட்டைய மாத்திட்டு வந்துடணும்.”

சாலமோன் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தாளைப் பார்த்தார். “இது என் லிஸ்ட்ல இல்லையே.”

“ஜெஃப்ரி சொன்னான்.”

பதின்மூன்றாவதாக அதையும் எழுதிக்கொண்டார்.

பக்கத்து மாடியில் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்க வந்த துரை, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். “இன்னா சார், கோடு போட்டுகினு ரெண்டு பேரும் உள்ள குந்திகினு கீறீங்க?”

“ஒத்திகை துரை. அங்க போயி நம்மால பையனுக்கு ஒரு சொல் வந்துடக் கூடாது பாரு.”

“பையனாண்ட பெரிய வூடு கீதுன்னு சொன்னீங்களே சார். அப்பால இன்னாத்துக்கு வண்டில தூங்குற பேஜாரு?”

சாலமோன் சிரித்தார். “இது பத்து நாளைக்குத்தான்பா. மீதி நாளெல்லாம் வீட்லதான். பின்னாடி தோட்டம், ரெண்டு ப்ளம் மரம். எங்களுக்குன்னு தனி ரூம்.”

அந்த வீட்டின் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். வீடு வாங்கிய அன்று ஜெஃப்ரி அனுப்பியது. போனிலும் அதே படம்தான் முகப்பில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் அதைப் பார்க்காத ஆள் கிடையாது.

துரை நல்லபடியாகப் போய்வரச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அமலராணி மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாலமோன் பயணக் காப்பீட்டுப் படிவத்தை எடுத்தார். பெயர், வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் நிரப்பியாயிற்று. வெளிநாட்டில் தங்கப்போகும் விலாசம் மட்டும் பாக்கி. அது அவருக்கு மனப்பாடம். பேனாவைத் திறந்து கதவு எண்ணை எழுதத் தொடங்கினார்.

அமலராணி அவர் கையைப் பிடித்தாள். “அத எழுதாதீங்க.”

“ஏன்? நம்பர் சரிதானே?”

அவள் கையை எடுக்கவில்லை. “அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதம்மான்னு அழுதான். அவ்வளவு பெரிய பையன், போன்ல ஏங்கி ஏங்கி அழுதான்.”

“என்ன சொல்லாதன்னு? வேலைல ஏதாவது பிரச்சினையா? வீடு மாத்திட்டானா?”

அமலராணி அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“எட்டு மாசமா அவனுக்கு அந்த வண்டிதாங்க வீடு.”