அவள் சொன்ன மண்

"ஏட்டி, சாணம் போடாம எந்தச் செடி வளரும்?"

விஜயஸ்ரீயிடம் அவளை வளர்க்கும் பிரம்மநாயகி அத்தை இப்படிக் கேட்ட அன்றே அந்தப் பூச்சி தின்னும் செடியின் விதி முடிந்துபோனது.

அடுக்களை ஈக்களுக்காக வாங்கிய செடி. இலை நுனிகளில் சின்னக் குடுவைகள் தொங்கும்.

"சத்துள்ள மண்ணு இதுக்கு ஆகாது அத்தே. தேங்காய் நாரும் அலசின மணலும் போதும். மழைத்தண்ணிதான் ஊத்தணும்" என்றாள் விஜயஸ்ரீ.

அத்தை ஆற்று வண்டலில் சாணத்தைக் குழைத்து நட்டு, குழாய்த் தண்ணீரை ஊற்றினாள். குடுவைகள் கருகின. பிறகு செடியும் போனது.

அத்தை எப்போதும் அப்படித்தான், சொன்னதற்கு நேர்மாறு. விஜயஸ்ரீ மேலே படிக்கணும் என்று கேட்டதால்தான் படிப்பே நின்றது.

இரண்டாவது செடி வந்தபோது அவள் விவரமாகிவிட்டாள்.

"அத்தே, நல்லா சாணம் போடுங்க. வெறும் நாரும் மணலும் ஆகவே ஆகாது. மழைத்தண்ணி பட்டா அழுகிரும்."

"எனக்கே சொல்லித் தாரியாக்கும்?"

அத்தை நாரும் மணலும் நிரப்பினாள். மழைத்தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்து ஊற்றினாள். செடி தளதளவென்று வந்தது.

நேற்று சிவசங்கரனின் அம்மா பெண் கேட்டு வந்து போனாள். தச்சநல்லூரில் அந்தச் செடிகளை விற்ற நர்சரிக்காரன்தான் சிவசங்கரன். மண்ணைப் பற்றி அவனிடம் கேட்கப் போய், விஜயஸ்ரீ மனசைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"ஏட்டி, அந்தப் பையனப் பத்தி என்ன நினைக்க?"

"வேண்டாம் அத்தே. எனக்குப் பிடிக்கல."

அத்தை 'உம்' என்றாள். விஜயஸ்ரீ நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் பதில் கேட்கச் சிவசங்கரனே வந்தான். கையில் ஒரு பை தேங்காய் நார். வாசலிலேயே செடியைப் பார்த்துவிட்டான்.

"அடேயப்பா! யாரு கலந்த மண்ணு அத்தே?" இப்போதே அத்தை முறை.

"நான்தான் தம்பி. மொதச் செடிக்குச் சாணம் போட்டேன், பட்டுப்போச்சு. இவ அப்பமே வேண்டாம்னா." இரண்டாவது முறை அவள் சொன்னது அத்தைக்கு நினைவில்லை.

கதவுக்குப் பின்னால் நின்ற விஜயஸ்ரீ, பேச்சை நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினாள். அவன் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டான்.

"விஜயஸ்ரீ வேண்டாம்னு சொன்னா அது வேண்டாம்தான் அத்தே. இனிமேலாவது அந்தப் புள்ள பேச்சக் கேளுங்க."

அத்தை குடுவைகளைத் தடவிப் பார்த்தாள். குரல் இறங்கியிருந்தது.

"நெசந்தான் தம்பி. இனி அவ சொல்லுததுதான்."

"அப்பம், நம்ம காரியம்?"

"நேத்தே கேட்டேன். உம்ம வேண்டாம்னு சொல்லிட்டா."

சிவசங்கரன் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தான். நார்ப் பையைச் செடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படியிறங்கினான்.