தரிசு

"அந்த உப்பளத்தைத் தரிசுன்னு போடும்மா. அப்பதான் துறைமுகத்துக்குக் கடன் கிடைக்கும்" என்றார் ஆலோசகர்.

பிறந்து நாற்பது நாளான நாட்டின் முதல் வரைபடம் மேசையில் விரிந்திருந்தது. அதை வரைந்த பவளக்கொடி அந்த உப்பளத்தில் வளர்ந்தவள். அங்கே பாத்திகளுக்கு, அவற்றில் உப்பு வாரும் பெண்களின் பெயர்தான். அத்தனையையும் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள்.

"முந்நூறு பேரு! மேப்பா இது, ரேஷன் கார்டா?"

அவர் ரப்பரை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, வரைபடத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"அழிக்கிறேன் சார். அதுக்கு முன்னாடி அளத்துக்கு வாங்க. ஒவ்வொரு பேரா நீங்களே கூப்பிடுங்க. யாரும் நிமிர்ந்து பார்க்கலேன்னா அழிச்சிடறேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் ஒரு பெயரின்மேல் விரலை வைத்தாள்.

"இது எங்கம்மா பாத்தி. இப்பவே ஒருதடவை வாசிச்சுப் பாருங்க சார், சத்தமா."